வீடு கட்டும் முகாம், கூடவே ஒரு நாள் கடல்: 30 பேருக்கு எப்படித் திட்டம் போடுவது?

காட்பாடி மாணவன்:
வேலூரிலிருந்து 30 பேர், மே மாதம் 5 நாள் போகிறோம். பாலாறு கடலில் சேரும் வாயலூர் பக்கம் ஒரு குடும்பத்துக்கு 15க்கு 20 அடியில் வீடு. கடைக்கால் (அஸ்திவாரம்) முடிந்து பேஸ்மட்டம் (தரைக்கும் சுவருக்கும் அடியில் வரும் மேடை) 2 அடி எழும்பி நிற்கிறது, உள்ளே இன்னும் மண் நிரப்பவில்லை. கொத்தனார் 2 பேர். 4 நாளில் சுவரை முடித்துவிட்டுக் கடைசி நாள் கடலுக்குப் போகலாம் என்று நினைக்கிறோம். சரியா வருமா?

ரசமட்டம்:
4 நாளில் சுவர் முடியாது தம்பி. சுற்றளவு 70 அடி, உயரம் 10 அடி, வாசல் ஜன்னல் கழிச்சா 600 சதுர அடி. 9 இஞ்ச் சுவருக்கு அதுவே கிட்டத்தட்ட 6,000 கல். ஒரு கொத்தனார் நாளைக்கு 500, 600 கல் வைப்பார். நடுவுல லிண்டல் (வாசல், ஜன்னலுக்கு மேல வர்ற கான்கிரீட் பட்டை) வேற இருக்கு. அவசரப்பட்டு ஒரே நாள்ல 5 அடிக்கு மேல ஏத்தினா அடி வரிசைக் கலவை இறுகுறதுக்குள்ள பாரம் ஏறிடும், தூக்குக்குண்டு விட்டா சாய்வு தெரியும்.

பிள்ளைங்களுக்குன்னே இருக்கிற வேலை பேஸ்மட்டம் நிரப்புறது. உள்ளளவு 500 கன அடி. இடிக்க இடிக்க இறங்கும், அதனால 6 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) கிராவல் மண் சொல்லி வையுங்க. அரை அடி கொட்டி, தண்ணி விட்டு, திமிசு (மண்ணை இடிச்சு இறுக்குற கட்டை) போட்டு, அப்புறம்தான் அடுத்த அரை அடி. மொத்தமா 2 அடியும் கொட்டிட்டு மேல இடிச்சா மேல்மண் மட்டும்தான் இறுகும். ரெண்டு மழை போனதும் தரை உள்வாங்கும், டைல்ஸைத் தட்டினா பொள்ளல் சத்தம் கேட்கும். பெரும்பாலும் மூலையிலதான் இப்படி ஆகும், திமிசு அங்கே எட்டாது. கடப்பாரையைத் திருப்பிப் பிடிச்சு மூலையைக் குத்துங்க.

2 கொத்தனாருக்கு எடுத்துக் கொடுக்க 6 பேர் போதும். மிச்சம் 24 பேரும் அங்கேயே நின்னா போட்டோதான் எடுப்பாங்க. மண்ணுக்கு 12 பேர், சல்லடைக்கும் செங்கல் நனைக்கவும் 6 பேர், மத்தவங்க ஓய்வு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்துங்க. கம்பி வேலையும் சென்ட்ரிங்கும் (கான்கிரீட்டுக்கு அடிக்கிற பலகை அடைப்பு) மாணவர் கைக்குப் போகவே கூடாது.

உப்புத்தண்ணி:
கடலோரம்னா முதல்ல தண்ணியை வாயில வெச்சுப் பாருங்க. கரிச்சா கலவைக்கும் ஆகாது, சுவர் நனைக்கவும் ஆகாது, டேங்கர்தான். கடற்கரை மணல் பக்கமே போகாதீங்க. சுவர்ல உப்புப் பூக்கும், பூச்சு உதிரும், கம்பி துருப்பிடிக்கும். 1:6 கலவைக்கு (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்) 50 கிலோ மூட்டை ஒண்ணுக்கு 7½ கன அடி எம்-சாண்ட் (கல்லை உடைச்சுச் செய்யுற மணல்). தண்ணி ஊத்தின கலவையை அரை மணிக்குள்ள தீர்த்துடணும். செங்கல் தொட்டியில குமிழி அடங்குற வரைக்கும் ஊறணும், இல்லன்னா கலவையில இருக்கிற ஈரத்தைக் கல்லு உறிஞ்சிடும்.

கட்டினதுக்கு அப்புறம் 7 நாள் தண்ணி காட்டணும். நீங்க கிளம்பின பிறகு யாரு காட்டுவாங்கன்னு இப்பவே பேசிடுங்க.

ரப்பர் கையுறை கட்டாயம். வெறுங்கையால ஈர சிமெண்ட் அள்ளினா தோல் வெந்து வெடிக்கும், அந்தக் கையோட கடல்ல இறங்கினா எரிச்சல் தாங்காது. வேலூர் வெயில் பார்த்த பிள்ளைங்கன்னு அசட்டையா இருக்காதீங்க. அங்கே வேர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. 11லிருந்து 3 வரை வேலை வேண்டாம். ஓஆர்எஸ் ஒரு பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணி.

அலை:
ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரத்துல இறங்கவே வேண்டாம். அடியில மண் அரிச்சுப் பள்ளம் எங்கே இருக்குன்னு தெரியாது. கிணத்துல நீச்சல் கத்துக்கிட்டவங்கதான் தைரியமா உள்ளே போவாங்க, அவங்களைத்தான் முதல்ல பிடிச்சு வைக்கணும். நுரையே இல்லாம அமைதியாத் தெரியுற பட்டைதான் ஆபத்து, தண்ணி அந்த வழியாத்தான் கடலுக்குத் திரும்பும். இழுத்தா கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீங்க, கரைக்கு இணையா பக்கவாட்டுல நகர்ந்து வெளியே வந்தப்புறம் கரைக்குத் திரும்பணும்.

குளிக்கணும்னா ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) வடக்கே கோவளம் போங்க. 2021ல நீலக்கொடிச் சான்று (சுத்தம், பாதுகாப்பு பார்த்துக் கொடுக்கிற சர்வதேசச் சான்று) வாங்கின கடற்கரை, உடை மாத்த அறை இருக்கு. காலையில 6லிருந்து 9, முழங்கால் ஆழம், பத்துப் பத்துப் பேரா இறங்கணும், கரையில ரெண்டு பேர் தலை எண்ணிக்கிட்டே இருக்கணும். அதுக்கப்புறம் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையைப் பார்த்துட்டு ஊர் திரும்பலாம்.

காட்பாடி மாணவன்:
நன்றி அண்ணா. இதை என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) சிறப்பு முகாமாகக் காட்டலாமா?

ரசமட்டம்:
சிறப்பு முகாம்னா 7 நாள், அதுவும் வழக்கமா உங்க கல்லூரி தத்தெடுத்த கிராமத்துல. திட்ட அலுவலர்கிட்ட முதல்ல எழுத்துல அனுமதி வாங்குங்க, பஸ்ஸுக்கு அட்வான்ஸ் அப்புறம் கொடுக்கலாம்.