புதுப்பிப்பு: ஒத்தக்கடை மனை, பட்டா மட்டும் போதுமா?

ஒத்தக்கடைப் பக்கம் 3 சென்ட் மனை, பட்டா விற்பவர் பெயரில், வில்லங்கமும் சுத்தம், முன்பணம் கொடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கொடுக்கவில்லை.

வக்கீல் மூலப்பத்திரத்தைப் புரட்டியதும், "இது இவங்க அப்பா வாங்குன இடம். உயில் இருக்கா?" என்றார். இல்லை. அப்படியென்றால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சம பங்கு. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தால், மேலூரில் கட்டிக்கொடுத்த, விற்பவரின் அக்கா பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது! விற்பவர் அதுவரை வாயே திறக்கவில்லை.

பட்டா வருவாய்த்துறைக் கணக்குதான், அதுவே உரிமையாகிவிடாது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். அப்பா இறந்ததால் வந்த பங்கு அதில் எப்படித் தெரியும்?

இனி அக்கா தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித்தர வேண்டும், இல்லை கிரயத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். "தம்பி வந்து கேட்டா போடுறேன், புரோக்கர் கேட்டா மாட்டேன்" என்றாராம். நியாயம்தானே. தை பிறந்ததும் பேசுகிறார்களாம்.