ஸ்பேசர்: ‘இடைதாங்கி’யா, ‘இடைக்குழலா’?

டர்பனிலிருந்து:

வணக்கம். விமானப் பொருத்துவேலைக் கலைச்சொல் பட்டியலில் ஸ்பேசருக்கு, அதாவது இரண்டு பாகங்களுக்கு நடுவே போல்ட்டைச் சுற்றி நிற்கும் குழலுக்கு, ‘இடைவெளியாக்கி’ என்று போட்டிருக்கிறோம். மாற்றியாக வேண்டும். இடைவெளி விடுவது அதன் வேலையில் பாதிதான். இரண்டு மெல்லிய தோல்களுக்கு நடுவே தேன்கூடு போன்ற உள்கூடு வைத்த தேன்கூட்டுப் பலகையில் வெறும் போல்ட்டைப் போட்டு முறுக்கினால் உள்கூடு நசுங்கும். நடுவே ஒரு அலுமினியக் குழல் நின்றால் இறுக்கு விசையை அது வாங்கிக்கொள்ளும். குழல் குட்டையானால் மேல்தோல் குழிகிறது; நீளமானால் போல்ட் இறுகியும் பலகை ஆடுகிறது. ஆகவே ‘இடைதாங்கி’ என்பது என் கட்சி.

கெம்ப்டன் பார்க்கிலிருந்து (ஜோகன்னஸ்பர்க் அருகே):

காரணம் சரி ஐயா, சொல் இடிக்கிறது. ‘தாங்கி’ என்றால் பேரிங் என்று பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. சக்கரத்தில் இரண்டு பேரிங்குக்கு நடுவே வரும் ஸ்பேசரை என்னவென்பீர்கள், ‘தாங்கி இடைதாங்கி’யா? ‘இடைக்குழல்’ போதும். உள்ளே மரை வெட்டிய ஸ்டாண்ட்ஆஃப் வகைக்கு ‘மரைக்குழல்’.

ஷிம்மை இதில் அடைக்க வேண்டாம். அது பொருத்திய பிறகு மிஞ்சும் சிறு இடைவெளியை நிரப்புவது, ‘இடைத்தகடு’ எனலாம். ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத்தகடுகளால் அந்த இடைவெளியை அளந்து, 0.05 அல்லது 0.075 மி.மீ. அடுக்குகளை ஒவ்வொன்றாக உரித்துக் கனம் குறைக்கும் வகை இருக்கிறதே, அதற்கு ‘உரிதகடு’. வாஷர் வாஷராகவே இருக்கட்டும். பட்டறையில் வேறெதைச் சொன்னாலும் யாரும் எடுத்துத் தரப்போவதில்லை.

கிரிப்புக்கும் சொல் வேண்டும்: ‘பிடிநீளம்’. போல்ட்டின் மரையில்லாத தண்டின் நீளம் அது. இடைக்குழலை மாற்றினால் பிடிநீளத்தையும் மறுபடி கணக்கிட வேண்டும். என்.ஏ.எஸ். (அமெரிக்க விமானத் தரநிலை) 6203 போல்ட்டில் இது 1/16 அங்குலப் படிகளில் ஏறும். அதிகமானால் நட் மரை முடியும் இடத்தில் முட்டி நின்றுவிடும். குறித்த முறுக்குவிசையில் ஒலி எழுப்பும் டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்னும், பலகையோ இறுகியிருக்காது. குறைந்தால் மரை துளைக்குள் இறங்கி ஓரத்தை அராவும்.

டர்பனிலிருந்து:

‘இடைக்குழல்’ ஏற்கிறேன். பதிவில் குழல் எந்த உலோகம் என்பதையும் எழுதுவோம். எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை என்பதால் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். ஆனால் கார்பன் இழைப் பலகையை அது தொட்டால், ஈரம் சேர்ந்ததும் அரிபடுவது அலுமினியம்தான். எங்கள் டர்பனின் வர்ஜீனியா விமானத்தளம்போல் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்றும் சேரும். குழலின் விளிம்பில் வெள்ளைப்பொடி கண்டால் கழற்றிவிட வேண்டும். அங்கே டைட்டானியம் போடுங்கள், இல்லையேல் நடுவே ஒரு கண்ணாடி இழைப் படலம் கொடுங்கள்.

புஷ் மட்டும் பாக்கி. துளைக்குள் அழுத்திப் பொருத்தித் தேய்மானத்தை வாங்கவைப்பது அது, இடைக்குழலோடு சேராது. அக்கா, கெம்ப்டன் பார்க் பட்டறையில் அதை எப்படிச் சொல்கிறார்கள்?