புதுப்பிப்பு: தனி ஆளாக நடத்தும் வீட்டுக் காப்பகத்தில் அவசர ஏற்பாடு

வீட்டில் தனி ஆளாகக் குழந்தைகளைப் பராமரிக்கும்போது ஒரு குழந்தைக்கு அடிபட்டால் மற்றவர்களை யார் பார்ப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி, கூப்பிட்டவுடன் வரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பெற்றோருக்கு அறிமுகப்படுத்தி, அவர்களின் எழுத்துபூர்வமான ஒப்புதலையும் பெற்றுவிட்டேன்.

அந்த ஏற்பாடு சீக்கிரமே தேவைப்பட்டது. ஒரு குழந்தையின் புறங்கையில் வெந்நீர் தெறித்துச் சிவந்துவிட, அவர் வந்து மற்ற குழந்தைகளைக் கவனித்துக்கொண்டதால்தான், ஓடும் குளிர்ந்த நீரில் அந்தக் கையை 20 நிமிடங்கள் முழுமையாகப் பிடித்திருக்க முடிந்தது. அழுது திமிறும் குழந்தையோடு அது மிக நீண்ட நேரம். பற்பசையோ பனிக்கட்டியோ வைக்கவில்லை (வைக்கச் சொல்ல ஆள் இருந்தார்கள்). பெற்றோருக்கு உடனே தெரிவித்து மருத்துவரிடம் காட்டினோம், கொப்புளம் எழவில்லை.

நடந்த நேரம், காரணம், செய்த முதலுதவி ஆகியவற்றை விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதிப் பெற்றோரின் கையொப்பம் வாங்கினேன். நினைவிலிருந்து பிறகு எழுதினால் விவரங்கள் மாறிவிடும்.

தொண்டையில் ஏதாவது சிக்கி மூச்சடைத்தால் செய்யும் முதலுதவிக்கான பயிற்சி மட்டும் பாக்கி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதுகில் 5 தட்டு, பிறகு நெஞ்சில் 5 அழுத்தம், வயிற்றை அழுத்தவே கூடாது என்பதைப் படித்தறிந்தாலும், பொம்மையில் செய்து பழகாமல் கை வராது என்பதால் முதலுதவி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.