வீட்டைக் காலி செய்கிறேன், யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சேலம் அழகாபுரத்தில் வாடகை வீடு, தனிக்கட்டை. தை பிறந்ததும் பைக்கில் கிளம்பி வடகிழக்கு வரை போகிறேன். திரும்ப ஒன்றரை வருடமாவது ஆகும்.

கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் விற்றாயிற்று. பழைய சாமான்காரர் கேட்ட விலையில் பாதி மனம் அங்கேயே விட்டுப்போனது, சரி போகட்டும். போன வாரம் மூட்டை கட்டி ஏற்காடு ஏறிப் பார்த்தேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி பின்பக்கம் இழுத்தது. வந்ததும் பாதித் துணியை எடுத்துவிட்டேன்.

சிக்கல் அம்மாவின் பித்தளைப் பாத்திரங்கள்தான். எடைக்குப் போட கை வரவில்லை. அக்கா வீட்டில் இடமில்லை. செவ்வாய்ப்பேட்டை பக்கம் உலர்ந்த சின்ன அறை மாத வாடகைக்குக் கிடைக்குமா? இரண்டு குண்டா, ஒரு அண்டா, ஒரு டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான்.

அப்புறம், வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் மறுபதிவு வேண்டும் என்பது விதி. நான் ஒரே மாநிலத்தில் தங்கப்போவதில்லை. இப்படிச் சுற்றியவர்கள் வழியில் சோதனைக்கு என்ன காட்டினீர்கள்? அருணாச்சலம், நாகாலாந்து உள்நுழைவு அனுமதியை ஊரிலிருந்தே எடுத்தீர்களா, போகும் வழியிலா?