திருகோணமலைக் கடலடியில் நீங்கள் சந்தித்தது யாரை?

திருகோணமலை நகரத்திலிருந்து:

சுறாவைப் பார்த்தவர்கள், ஆமையோடு நீந்தியவர்கள், கிளாத்தி மீனிடம் கடி வாங்கியவர்கள் எல்லோரும் இங்கே எழுதலாம். வாடைக்காற்று தொடங்கிவிட்டது. இனிச் சித்திரை வரும்வரை நிலாவெளிப் பக்கம் சுழியோடப் போக முடியாது, கதை பேசலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: என்ன கண்டீர்கள் என்பதோடு, அந்த நேரம் மூச்சு எப்படி இருந்தது, உடம்பில் என்ன மாட்டியிருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். புதிதாகப் பழக வருகிறவர்களுக்குச் சுறாவைவிட அதுதான் உதவும்.

என் கதை புறாத்தீவில் நடந்தது. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான், வள்ளத்தில் ஏறி ஒழுங்காக உட்காருவதற்குள் தீவு வந்துவிடும். ஓப்பன் வோட்டர் என்கிற முதல்படிச் சுழியோட்டப் பயிற்சியில் முகமூடியை முழுதாகக் கழற்றி, திரும்ப மாட்டி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றும் பாடம். மணல் திட்டில் முழங்காலிட்டிருந்தோம். முகமூடி போனதும் எல்லாம் மங்கல். உப்புத் தண்ணீர் மூக்கில் பட்டதும் மேலே பாய்ந்துவிடத்தான் மனம் சொல்லும். பயிற்றுவிப்பாளர் என் தோள்பட்டியைப் பிடித்தபடி இருந்தார். வாயால் இழுத்து வாயால் விட்டு, மெல்ல மாட்டி, ஊதி, கண்ணைத் திறந்தால் அவருடைய முதுகுக்குப் பின்னால் செட்டை நுனி கறுத்த சுறா ஒன்று போகிறது. எவ்வளவு நேரமாக அங்கே சுற்றியதோ தெரியாது.

என்னோடு பழகிய பெடியன் வள்ளத்தில் ஏறியதும் "ஆறடி இருக்கும்" என்றான். பயிற்றுவிப்பாளர் "நாலரை" என்றார். முகமூடிக் கண்ணாடியூடாகப் பார்க்கும்போது தண்ணீருக்குள் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், கால் பங்கு கிட்டத் தெரியும். கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. இங்கே எழுதப் போகிறவர்களும் சுறாவின் நீளத்தில் அந்தக் கழிவைப் போட்டுவிட்டு எழுதவும்.

அந்தச் சுறா மனிதருக்குப் பயந்தது. சிலிண்டர்க்காரன் விடும் குமிழிச் சத்தம் கேட்டாலே விலகிப் போய்விடும். ஆழமில்லாத தண்ணீரில் குழாய் முகமூடியோடு மிதக்கிறவர்கள்தான் புறாத்தீவில் அதை அதிகம் பார்க்கிறார்கள். நாங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. எதையாவது கண்டு திகைத்தால் உடம்பு தானாக மூச்சைப் பிடிக்கும், அப்படியே மேலேயும் எழும்பும். 10 மீற்றரில் அமுக்கம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நிரம்பிய நுரையீரலை அடைத்துக்கொண்டு மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலுக்கு அவ்வளவு இடம் கிடையாது. மூச்சை ஒருபோதும் பிடிக்காதே என்பதை முதல் பாடமாக வைத்திருப்பது அதனால்தான்.

உப்புவெளியிலிருந்து:

கடி வாங்கிய ஆள் வந்துவிட்டேன் அண்ணா. என்னைத் துரத்தியது பெரிய கிளாத்தி, முட்டை காத்துக்கொண்டிருந்தது. சுறாவைப் பார்த்துக் கை தட்டுகிற சனம் இந்த மீனைக் கண்டுகொள்வதே இல்லை. முக்கால் மீற்றர்வரை வளரும், சிப்பியையும் கடல் முள்ளெலியையும் உடைத்துத் தின்கிற பல்.

மணலில் குழி தோண்டி முட்டையிட்டிருக்கும்போது அது தன்னுடையது என்று நினைக்கும் இடம் புனல் மாதிரி மேல்நோக்கி விரிந்துகொண்டே போகும். மேலே தப்பலாம் என்று எழும்பினால் இன்னும் அதன் எல்லைக்குள்தான் நிற்கிறீர்கள். பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். என்னோடு வந்த வழிகாட்டி அதைத்தான் கையால் காட்டினார். நான் அதற்கு முகம் கொடுத்து, காலை முன்னே நீட்டி, பின்பக்கமாக நீந்தினேன். கடித்தது காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸில். அதன் ஓரத்தில் ஒரு துண்டு இல்லை, இன்றைக்கும் அதைத்தான் போடுகிறேன்.

மூச்சைக் கேட்டீர்கள். நாய் இளைக்கிற மாதிரி இருந்தது. கரைக்கு வந்து பார்த்தால் மற்றவர்களைவிட என் சிலிண்டரில் காற்று நன்றாகக் குறைந்திருந்தது.

சென்னையிலிருந்து:

நான் சுற்றுலாவாக வந்தவள், நீச்சல் அரைகுறை. அறிமுக டைவ் மட்டும் செய்தேன். பயிற்சியாளர் பக்கத்திலேயே இருப்பார், 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார்கள். எங்களை அந்த ஆழம் வரைகூடக் கொண்டுபோகவில்லை. மூன்று மீட்டரிலேயே காதுக்குள் ஊசி குத்துவதுபோல வலி. அவர் கொஞ்சம் மேலே ஏற்றி, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதச் சொன்னார். 'டப்' என்று திறந்ததும் வலி போய்விட்டது. வலிக்கும் வரை காத்திருக்காமல் இறங்கத் தொடங்கியதிலிருந்தே ஊதிக்கொண்டு வர வேண்டுமாம். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாதாம். கூட வந்த என் தம்பியை அதற்காகவே படகில் உட்கார வைத்துவிட்டார்கள். அவன் இன்னும் கோபமாக இருக்கிறான்.

நான் சந்தித்தது ஒரு ஆமை. பாறைக்கடியில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னோடு வந்த ஒருவர் அதன் முதுகைத் தொடக் கையை நீட்டினார், பயிற்சியாளர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். எனக்கு அவரை அப்போதுதான் நிஜமாகவே பிடித்தது.

கேள்வி: முழுப் பயிற்சிக்கு எவ்வளவு நீச்சல் தெரிய வேண்டும்? அன்றைக்கு மாலையே கட்டுநாயக்காவில் விமானம் என்றதும் டைவை முந்தைய நாளுக்கு மாற்றினார்களே, அது எதற்கு?

திருகோணமலை நகரத்திலிருந்து:

தங்கச்சி, சுழியோடப் பழக்கும் பாடி (PADI) நிறுவனத்தின் பாடத்திட்டத்தில் 200 மீற்றர் நிற்காமல் நீந்த வேண்டும், நேரக்கணக்கு இல்லை. முகமூடி, குழாய், ஃபின்ஸ் போட்டுக்கொண்டால் 300 மீற்றர். அப்புறம் எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். வேகமாக நீந்துகிறவர்களைவிடச் சும்மா மிதக்கத் தெரிந்தவர்களுக்குக் கீழே சுலபம் என்பது என் அபிப்பிராயம். முடித்தால் 18 மீற்றர்வரை, அடுத்த படி படித்தால் 30 வரை போகலாம்.

விமானம் பற்றி: ஆழத்தில் மூச்சு விடும்போது நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. அது மெல்ல வெளியேற வேண்டும். அமுக்கம் சட்டென்று குறைந்தால் குமிழியாகும். ஒரு தடவை மட்டும் இறங்கினால் குறைந்தது 12 மணித்தியாலம், பல தடவை இறங்கினால் 18 மணித்தியாலம் கழித்தே விமானம் ஏற வேண்டும். இங்கே வருகிறவர்கள் விமானத்தை நினைவில் வைத்திருப்பார்கள், மலையை மறந்துவிடுவார்கள். காலையில் புறாத்தீவில் இரண்டு தடவை இறங்கிவிட்டு, பின்னேரம் வான் பிடித்துக் கண்டி, நுவரெலியா என்று கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே. கடைசி நாளைச் சும்மா கோணேசர் கோவிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூதூரிலிருந்து:

நைதரசன் கதை வந்ததால் எழுதுகிறேன். எங்கள் மாமா கடலட்டை பிடிக்கச் சுழியோடினவர். பயிற்சி என்று ஒன்றும் இல்லை, அவருக்கு முன்னால் இறங்கினவர் காட்டிக்கொடுத்ததுதான். ஒரு சிலிண்டர் முடிந்தால் மேலே வந்து அடுத்ததை மாட்டிக்கொண்டு திரும்பவும் இறங்குவார். கடலடியில் அட்டை கிடந்தால் யாருக்குக் கடிகாரம் பார்க்கத் தோன்றும்? ஆழமும் நேரமும் காட்டும் கைக் கம்ப்யூட்டர் கிடையாது, மேலே வரும் வழியில் நிற்பதும் கிடையாது.

ஒரு நாள் வள்ளத்தில் ஏறினவருக்குத் தோள்மூட்டில் வலி. பாரம் தூக்கியதால் என்று நினைத்தார்கள். கரை வருவதற்குள் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. பிறகு சிறுநீர் போகவில்லை. அப்போதுதான் மாமி கத்தத் தொடங்கினா. கூட இருந்த ஒருவர் திரும்பக் கடலில் இறக்கினால் சரியாகும் என்று சொன்னார். அந்த நம்பிக்கை எங்கள் கடற்கரையில் இன்னும் இருக்கிறது. நல்லவேளை மாமி விடவில்லை. படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ஒட்சிசன் கொடுத்தார்கள், அங்கிருந்து திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கும், அமுக்கத்தைக் கூட்டிச் சிகிச்சை செய்யும் அறைக்கு அனுப்பினார்கள். இப்போது நடக்கிறார், ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து.

பொழுதுபோக்குக்காகப் பழகுகிறவர்கள் 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்வதைச் சலிப்பாக நினைக்கிறார்கள். நானும் பிறகு முறையாகப் பழகினேன். அந்த மூன்று நிமிடம் நிற்கும்போது கண்ணில் ஒரு மீனும் தங்குவதில்லை, மாமாவின் கால்தான் வரும். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறாதே என்று கம்ப்யூட்டர் கத்துவதும் எனக்குத் தொந்தரவாகத் தெரிவதில்லை. அவர் கையில் அப்படி ஒன்று கட்டியிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

இன்னொன்று. ஊரில் எல்லோரும் ஒட்சிசன் சிலிண்டர் என்றுதான் சொல்லுவோம். உள்ளே இருப்பது வடிகட்டி அமுக்கிய சாதாரணக் காற்று. தூய ஒட்சிசனோடு 6 மீற்றருக்குக் கீழே போனால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். கம்பிரசர் எங்கே இருக்கிறது, அதன் காற்று இழுக்கும் வாயருகே என்ஜின் புகை வருகிறதா என்று பாருங்கள். நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

கொழும்பிலிருந்து:

மூதூர்த் தம்பி எழுதியதற்குப் பிறகு என் கதை சின்னதாகத் தெரியும், பரவாயில்லை. இறக்கக்கண்டிப் பக்கத்தில் ஆழமில்லாத இடத்தில் கிடக்கும் கப்பலில் எனக்கு வாடகை ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) நிற்காமல் காற்றைக் கக்கத் தொடங்கியது. எந்தக் கடையினுடையது என்று எழுதப் போவதில்லை. சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் கேஜ் முள் கண்ணெதிரே இறங்கியது. கொட்டுகிற காற்றை வாயோரமாக விட்டபடி உறிஞ்சிப் பழகியிருந்ததும், கூட வந்தவரின் மஞ்சள் நிற இரண்டாவது வாய்க்கருவி கைக்கெட்டும் இடத்தில் இருந்ததும் உதவியது. அதைக் கடித்துக்கொண்டு, இருவரும் ஒருவர் பட்டியை ஒருவர் பிடித்து, சாதாரண வேகத்தில் மேலே வந்தோம். பயிற்சியில் பத்து தடவை செய்யவைத்தபோது எரிச்சலாக இருந்த பாடம் அது.

சாமான் வாங்க நினைப்பவர்களுக்கு என் வரிசை: முதலில் முகமூடி, பிறகு கம்ப்யூட்டர், ரெகுலேட்டர் கடைசியில். முகமூடியைப் பட்டி போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள், கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் உங்களுடையது. புதியதென்றால் கண்ணாடியின் உட்பக்கத்தைப் பற்பசையால் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பனி மூடும். நீச்சல் கண்ணாடி உதவாது, மூக்கு வெளியே இருப்பதால் உள்ளே காற்றைச் சமப்படுத்த வழியில்லை, கண் சிவந்துவிடும். குளிருக்குப் போடும் வெட்சூட் இங்கே மெல்லியதே போதும், கடல் வெந்நீர்தான். கமராவை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். நேராக மிதக்கத் தெரியாதவன் கையில் கமரா இருந்தால் முருகைக்கல்தான் உடையும்.

கீழே இறங்குவதற்காகக் கட்டும் ஈயக்கட்டி விஷயத்தில் கடைக்காரர் அள்ளித் தருவதை அப்படியே கட்டாதீர்கள். மேற்பரப்பில் காற்றடைத்த மிதவைச் சட்டையின் காற்றை இறக்கிவிட்டு, சாதாரணமாக ஒரு மூச்சை எடுத்துக்கொண்டு நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நின்றால் ஏறக்குறையச் சரி. அலுமினியச் சிலிண்டர் காலியாகும்போது இலேசாகி மிதக்கப் பார்க்கும், அதற்காக ஒன்றிரண்டு கிலோ கூட்டினால் கடைசி மூன்று நிமிடம் நிம்மதி.

உப்புவெளியிலிருந்து:

ஹேர்மிஸ் கப்பலுக்குப் போனவர் யாராவது இருக்கிறீர்களா?

கொழும்பிலிருந்து:

அது மட்டக்களப்புக் கடல். 1942 ஏப்ரல் 9, ஜப்பானியர் திருகோணமலையில் குண்டு போட்ட அதே நாள் மூழ்கடிக்கப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல். 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளின் எல்லை 40. அதற்குத் தனிப்படிப்பு வேண்டும் தம்பி, கிளாத்தி விட்டுவைத்த ஃபின்ஸோடு கிளம்பிவிடாதே.

திருகோணமலை நகரத்திலிருந்து:

அதே நாளில் எங்கள் துறைமுகத்தில் அடிபட்ட சகாயிங் கப்பலை 2018இல் கடற்படை மிதக்கவைத்து வெளியே எடுத்தது. கீழே இருப்பதைப் பார்க்க ஆசையென்றால் எனக்கு இங்கே கோணேசர் கோவில் நிற்கும் சுவாமிமலையின் அடிவாரம்தான். போர்த்துக்கீசர் இடித்த பழைய கோணேசர் கோவிலின் தூண்களை 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அங்கே கண்டார்கள். அலை பாறையில் மோதித் திரும்பும் இடம், முன்னும் பின்னும் ஆட்டும். புதியவர்கள் முதல் வருடமே அங்கே போக வேண்டாம்.

தனிச்செய்தியில் மீசைக்காரர் ஒருவர் முகமூடிக்குள் தண்ணீர் வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு மட்டும் மழித்தால் போதும், கொஞ்சம் சிலிக்கன் கிரீஸும் பூசலாம். முழு மீசையையும் எடுக்கத் தேவையில்லை. வீட்டில் எடுக்கச் சொல்கிறார்கள் என்றால் அது வேறு காரணமாக இருக்கும்.