15 நிமிஷத்துல ஒரு கோடு, 40 நிமிஷத்துல ரெண்டு: இது பாசிட்டிவா?

அடையார்_நிர்மலா:
வீட்டு கோவிட் கிட். ரெண்டு நாளா காய்ச்சல், தொண்டை வலி இருக்கிறவருக்குப் போட்டது. 15 நிமிஷத்துல சி கோடு (கிட் வேலை செய்யுதுன்னு காட்டுறது) மட்டும். 40-ல பார்த்தா டி பக்கம் (கோவிட் இருந்தா கோடு வர்ற இடம்) வெளிறின ரோஸ் கோடு. எதை எடுத்துக்கறது?

லேப்_குரோம்பேட்டை:
15 நிமிஷத்துல பார்த்ததுதான் ரிசல்ட். நெகட்டிவ். கோவிசெல்ஃப் மாதிரி கிட்ல 20 நிமிஷத்துக்கு மேல செல்லாதுன்னே போட்டிருக்கும். திரவத்தை மேல்முனையில இருக்கிற உறிஞ்சு அட்டை இழுத்து வெச்சிருக்கும். பட்டை காய ஆரம்பிச்சா அது கீழ திரும்பும். கோட்டுக்கு நிறம் தர்ற தங்கத்துகள்ல எதுலயும் ஒட்டாததும் கூடவே வந்து டி-ல படியும். ஃபேனுக்கு அடியில வெச்சா இன்னும் சீக்கிரம்.

தேன்மொழி_மைக்ரோ:
பாதிதான் சரி. சாம்பல் நிறத்தில் மெல்லிசாக இருந்தால் காய்ந்த தடம். ரோஸ் நிறத்தில் சி கோட்டின் அகலத்துக்கே வந்தால், ஆன்டிஜென் (கிட் தேடும் வைரஸ் புரதம்) குறைவாக இருந்து மெல்லச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். அதிலும் காய்ச்சல்காரர். எப்படித் தள்ளிவிடுவது?

லேப்_குரோம்பேட்டை:
திரும்பி வர்ற தங்கத்துகளும் ரோஸ்தான் மேடம். கண்ணால பிரிக்க முடியாது. 15-ல மங்கலா தெரிஞ்சிருந்தா நானே பாசிட்டிவ்னுதான் சொல்லுவேன்.

தேன்மொழி_மைக்ரோ:
நிறத்தைப் பற்றி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெறுமனே "நெகட்டிவ்" என்று சொன்னால் மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் மின்சார ரயிலில் ஏறிவிடுவார். அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் ஆய்வகத்தில் ஆர்டி-பிசிஆர் சோதனை எடுக்கச் சொல்லி 2021-லேயே ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) அறிவுரை இருக்கிறது. இரண்டாம் நாளில் ஆன்டிஜென் குறைவாக இருப்பதும் சகஜம்.

மாம்பலம்_பார்மசி:
சி கோடு எத்தனாவது நிமிஷம் வந்துச்சுன்னு யாருமே கேக்கலையே! அதுவும் லேட்னா ஓட்டமே மந்தம். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து உடனே போட்டாலோ, சளி கெட்டியா இருந்தாலோ, சொட்டு குறைஞ்சாலோ அப்படி ஆகும். பெரும்பாலான கிட் 2 முதல் 30 டிகிரிக்குள்ள இருக்கணும். மே மாசம் டெலிவரி பைக் பெட்டியில மத்தியானம் பூரா சுத்தினதை நம்பாதீங்க. கவரை முன்னாடியே பிரிச்சு வெச்சா நம்ம ஊர் ஈரக்காத்துல பட்டை கெடும். சொட்டு விட்டதும் மொபைல்ல டைமர், 15 ஆனதும் ஒரு போட்டோ, அப்புறம் கிட்டைக் கவர்ல கட்டிக் குப்பையில போட்டுடுங்க. குப்பையைக் கிளறிப் பார்க்கிறதாலதான் இந்தக் கேள்வியே வருது.

லேப்_குரோம்பேட்டை:
சரியா சொன்னீங்க. அவரைத் தனி ரூம்ல இருக்கச் சொல்லி, 48 மணி நேரம் கழிச்சு இன்னொரு கிட் போட்டா போதும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ சொல்றதும் அந்த இடைவெளிதான்.

தேன்மொழி_மைக்ரோ:
தெம்பான ஆளுக்கு அது போதும். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி, டயாலிசிஸில் இருப்பவர் என்றால் இன்றைக்கே பிசிஆர். கோவிட் வைரஸுக்கான நிர்மட்ரெல்விர் மாத்திரையை அறிகுறி தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். அதில் இரண்டு நாள் ஏற்கெனவே போய்விட்டது. நிர்மலா, அவருக்கு வயது என்ன?