மறு: கடல்நாய்ப் பாடத்தில் இருவகைப் பனி: சொல் தேவை

நண்பர்களே,

துருவக் கடல்நாய்கள் பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் தரவேண்டும். அதில் இரண்டு பனி வருகிறது. ஒன்று கரையைப் பற்றிக்கொண்டு அசையாமல் கிடப்பது. மற்றது காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போவது. அண்டார்க்டிக்காவில் வெடல் கடல்நாய்க்கு முதலாவதுதான் வீடு. மூச்சுத்துளை உறைந்துவிடாமல் பல்லாலேயே அராவி அராவித் திறந்துவைக்கும். பல் தேய்ந்தே போகும். நண்டுண்ணிக் கடல்நாய் இரண்டாவதில் வாழும் (பெயரில்தான் நண்டு, முக்கிய உணவு கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிர்). இரண்டையும் 'கடற்பனி' என்று எழுதினால் பிள்ளைகளுக்கு எதுவும் விளங்காது. பிணைப்பனி, அலைப்பனி சரியா?

> பிணைப்பனி, அலைப்பனி

வினைத்தொகையில் வலி மிகாது: பிணைபனி, அலைபனி. 'அலைப்பனி' என்றால் கடலலை உள்ளே வந்துவிடும். ஆனால் எனக்குப் 'பனி'யே உடன்பாடில்லை. தொல்காப்பியத்தின் முன்பனி, பின்பனியில் இருப்பது பனித்துளி. உறைந்த கடல் அல்ல. ஆலங்கட்டிக்குச் சங்கப் பாடல்களில் 'ஆலி' உண்டே! ஆலம் என்றால் நீர். ஆலி அதன் உறவாகவே இருக்கும் என்பது என் துணிபு. பிணையாலி, அலையாலி என்று வையுங்கள்.

> பிணையாலி, அலையாலி

ஐயா, அழகான சொல்தான். ஆனால் வகுப்பில் ஆலிக்கே ஒரு பாடவேளை போய்விடும். 'பிணை'யும் இடிக்கிறது, இன்று எல்லோருக்கும் அது ஜாமீன். 'ஒட்டுபனி' போதாதா? அப்புறம், பனி ஒன்றே போதாது என்பதில் ஐயாவோடு நிற்கிறேன். ஆர்க்டிக்கின் வளையக் கடல்நாயைப் பாருங்கள். கீழே கடல் உறைந்த கட்டியில் நகத்தால் துளை போடும். மேலே பெய்து குவிந்த பனியைக் குடைந்து குகையாக்கி அதில் குட்டி போடும். பனிக்கரடியிடமிருந்தும் குளிரிலிருந்தும் குட்டியைக் காப்பது அந்தக் கூரைதான். வசந்தத்தில் முன்னதாகவே வெப்பம் ஏறினாலோ மழை பெய்தாலோ கூரை இடிந்து விழும், கீழே கட்டி அப்படியே இருக்கும்போதே. இரண்டையும் பனி என்று எழுதினால் இந்த இழப்பை எப்படிச் சொல்வது? மேலே இருப்பது வெண்பனி, கீழே இருப்பது பனிக்கட்டி என்று பிரித்துவிடுங்கள்.

> ஒட்டுபனி

ஒட்டியது கழன்றுவிடும் என்ற எண்ணம் வருகிறது. கோடையில் பல இடங்களில் அது உடைந்து கழல்வதும் உண்மைதான், ஆனாலும் குட்டி போடும் பருவத்தில் அசையாமல் நிற்பதே வெடலுக்கு முக்கியம். மூன்று பேர் பிணைபனிக்குச் சரி சொல்லியிருக்கிறார்கள். பிணைபனி, அலைபனி, வெண்பனி என்றே அனுப்புகிறேன்.

> என்றே அனுப்புகிறேன்

அனுப்புங்கள். ஆலியை நான் விடுவதாக இல்லை. பனிப்பாறைப் பாடம் வரும்போது மறுபடி எழுதுவேன்.